கயிறும் பென்சிலும்: துலும் குகை நாட்கள்

நாள் 1

கான்கூன் விமான நிலையத்தில் இறங்கித் தெற்கே துலும் ஊருக்கு இரண்டு மணி நேரம் பேருந்து. வழி முழுக்க ஆற்றுப் பாலம் ஒன்றுகூட வரவில்லை. மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் இந்தப் பக்கம் தரைக்கு மேல் ஆறு கிடையாது. மேலே ஒரு சாண் மண், கீழே எல்லாம் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை அப்படியே உள்ளே இறங்கி, பாறைக்குள் குகை குகையாக நகர்ந்து கடலுக்குப் போகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் மட்டும் அந்தத் தண்ணீர் வானத்தைப் பார்க்கிறது. அந்தத் திறப்புக்குத்தான் செனோத்தே என்று பெயர். மாயா மொழிச் சொல் ஸ்பானியர் வாயில் அப்படி ஆகியிருக்கிறது.

அதில் குளிக்கப் பெருங்கூட்டம் வருகிறது. நான் வந்தது அதற்குள் நுழைந்து இருட்டுக்குள் போய்த் திரும்புவதற்கு. எட்டு நாள் குகை டைவிங் பயிற்சி. கூட வந்திருப்பவர் டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி. மூன்று வருடத்துக்கு முன் திருகோணமலையில் ஒரு டைவிங் படகில் பழக்கமானவர்.

பயிற்சியாளர் பத்து வருடத்துக்கு மேல் இந்தக் குகைகளை அளந்து வரைகிற பெண். முதல் நாளே சிலிண்டர், ரெகுலேட்டர் என்று ஆரம்பிப்பார் என நினைத்தேன். மேசைமேல் அவர் வைத்தது ஆளுக்கு ஒரு குறிப்பேடும் பென்சிலும். வெட்நோட்ஸ் என்பார்கள். தாள் தண்ணீரில் ஊறாது, பென்சில் எழுத்து அழியாது. பென்சிலை ஒரு ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தார்.

"நீங்கள் தங்கியிருக்கும் விடுதியிலிருந்து இங்கே நடந்து வந்த வழியை வரையுங்கள்" என்றார். வரைந்தோம். மருந்துக்கடை, டாக்கோ வண்டி, மஞ்சள் சுவர் எல்லாம் வந்துவிட்டது. "சரி, இப்போது இங்கிருந்து விடுதிக்குப் போகும் வழியை வரையுங்கள்." பென்சில் நின்றுவிட்டது. மருந்துக்கடை எந்தக் கைப்பக்கம் வரும்? போகும்போது எதிரே தெரிகிற சுவர் எது? நாங்கள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் அப்பா வருவாய்த் துறையில் சர்வேயராக இருந்தவர். கோடை விடுமுறைகளில் அவர் கூடப் போய்ச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருக்கிறேன். கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் அளவை எழுதுவார். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு புள்ளியையும் விடமாட்டார். அவர் கையால் வரைந்த புலப்படங்களைப் பார்த்து வளர்ந்ததுதான் என்னை இந்தக் குகைவரை கொண்டுவந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாள் 2

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று சொல்வோம். இன்று நிஜமாகவே அதைச் செய்தார்கள். கடைக்குப் பின்னால் இருக்கும் காட்டில் மரத்துக்கு மரம் மெல்லிய நைலான் கயிறு கட்டி, எங்கள் கண்ணைக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வரச் சொன்னார். விளக்கு அணைந்தாலும் வண்டல் கலங்கினாலும் குகைக்குள் நிலைமை இதுதான்.

கயிற்றை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, இழுக்கவே கூடாது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி அதற்குள் கயிறு ஓட வேண்டும். இழுத்தால் கயிறு விலகி, ஆள் நுழைய முடியாத சந்துக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். கயிறு போகும், நாம் போக முடியாது. இதை லைன் ட்ராப் என்கிறார்கள்.

கயிற்றில் இரண்டு வகைக் குறிகள் இருக்கும். ஒன்று முக்கோணமான பிளாஸ்டிக் அம்பு. அதன் முனை பக்கத்தில் இருக்கிற வெளிவழியைக் காட்டும். இருட்டிலும் விரலால் தடவினால் முனை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இன்னொன்று வட்டமான குக்கீ. அது திசை சொல்லாது. 'நான் இந்த வழியாகப் போயிருக்கிறேன், இன்னும் உள்ளேதான் இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும். நம்முடைய பெயரையோ குறியையோ அதில் எழுதி, கயிறு பிரிகிற இடத்தில் நமக்கு வெளிவழி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் மாட்டிவிட வேண்டும். இந்த வேலைக்குத் துணி மாட்டுகிற கிளிப்பைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அம்புக்குறி பிறந்தது ஃப்ளோரிடாவில். லூயிஸ் ஹோல்ட்சென்டார்ஃப் என்ற டைவர் ஒட்டும் நாடாவைக் கயிற்றில் மடித்து ஒட்டி முக்கோணமாக வெட்டியதுதான் தொடக்கம். பிளாஸ்டிக் அம்பு அதற்குப் பிறகு வந்தது.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் சாவுகள் இருக்கின்றன. ஷெக் எக்ஸ்லி என்ற ஃப்ளோரிடாக்காரர் 1970களில் குகையில் இறந்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப மூன்று காரணங்கள் வந்தன. திறந்த நீர்வரை அறுபடாத கயிறு இல்லை. திரும்பி வர மூன்றில் இரண்டு பங்கு காற்றை ஒதுக்கி வைக்கவில்லை. தகுதிக்கு மீறிய ஆழத்துக்குப் போனார்கள். இன்று உலகம் முழுக்கக் குகை டைவர்கள் படிக்கிற பாடத்துக்கு இதுதான் அடி. அவரும் 1994இல் இதே மெக்சிகோவில், சகாத்தோன் என்ற ஆழ்குழியில் இறந்துபோனார்.

மரங்களுக்கு நடுவே தம்பி கயிறு பிரிகிற இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து நின்றார். எனக்கு அது தட்டுப்படவே இல்லை, தாண்டிப் போய்விட்டேன். கயிற்றின் மேல்பக்கத்தை மட்டும் தொட்டுக்கொண்டு போயிருக்கிறேன். கிளைக்கயிறு கீழ்ப்பக்கமாகக் கட்டியிருந்தது.

நாள் 3

முதல் முழுக்கு கார்வாஷ் செனோத்தேயில். மாயா பெயர் ஆக்துன் ஹா. ஒரு காலத்தில் டாக்சி ஓட்டுநர்கள் இங்கே வண்டி கழுவினார்களாம், அதனால் இந்தப் பெயர். மேலே பாசி பச்சைப் போர்வையாகக் கிடக்கிறது. இதற்குள் எப்படி இறங்குவது என்று மனசு கூசியது. ஒரு மீட்டர் கீழே போனதும் கண்ணாடி மாதிரித் தண்ணீர். அந்தத் தெளிவுக்கு நான் தயாராக இல்லை. மூழ்கிய மரக்கிளைகள், அதற்குப் பின்னால் குகை வாய், வாயருகே மண்டையோட்டுக் காலன் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. குகைப் பயிற்சி இல்லாதவர்கள் இதற்கு மேல் வரக்கூடாது, உள்ளே உயிரைக் கொடுத்துப் பார்க்கிற அளவுக்கு எதுவும் இல்லை என்கிறது அது.

முதுகில் இரட்டைச் சிலிண்டர், காற்றழுத்தம் 200 பார். மூன்றால் வகுபடுகிற மாதிரி 180 என்று வைத்துக்கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு 60. ஆக 140 வந்ததும் யாராக இருந்தாலும் திரும்ப வேண்டும். ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. இந்தக் கணக்கைத்தான் பக்கத்தின் தலைப்பில் எழுதச் சொன்னார்.

ரீலில் சுற்றிய கயிற்றின் நுனியை வெளிச்சம் படுகிற திறந்த நீரில் ஒரு பாறையில் கட்டி, உள்ளே கொஞ்ச தூரத்தில் இரண்டாவது கட்டுப் போட்டு, நிரந்தரக் கயிறுவரை இழுத்துக்கொண்டு போய் இணைத்தோம். கயிறு பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று எழுதினேன்: நேரம், ஆழம், காற்று, எந்தப் பக்கம். கையுறை இல்லாமலும் எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே உடம்பு மெல்ல மேலே ஏறியது, ஒரு காலால் வண்டலையும் தட்டிவிட்டேன். நீரில் அசையாமல் நின்றுகொண்டு எழுதுவது தனியாகப் பழக வேண்டிய ஒரு வேலை.

மேலே வந்ததும் பயிற்சியாளர் என் குறிப்பேட்டை வாங்கினார். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் தமிழில் எழுதியிருந்தேன். கை தானாக அப்படித்தான் போயிருக்கிறது. தம்பிக்குப் புரியும், அவருக்குப் புரியாது. எனக்கு மயக்கம் வந்து அவர் என் குறிப்பைப் பார்த்து வெளியே கூட்டிப்போக வேண்டி வந்தால்? குழுவில் எல்லோரும் படிக்கிற குறிதான் குறிப்பு என்றார். அதனால் இனி அம்பும் எண்ணும் கோடும்தான்.

அடுத்து அவர் காட்டியது என்னை இன்னும் தைத்தது. 'இடது' என்று எழுதியிருந்தேன். போகும்போது இடது. வரும்போது? அதே கிளை வலதில் வரும். அமைதியாக இருக்கும்போது மனசு அதை மாற்றிப் படித்துக்கொள்ளும். காற்று குறைந்து, விளக்கு ஒன்று போய், பயம் ஏறிய மனசு எழுதியதை அப்படியேதான் படிக்கும். ஆகவே திரும்பி வருகிறவனுக்காக எழுத வேண்டும். பக்கத்தைக் கீழிருந்து மேலாக எழுதிக்கொண்டு போனால், திரும்பும்போது மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வரலாம் என்று சொல்லிக்கொடுத்தார். ராத்திரி பழைய பக்கத்தை அந்த முறையில் எழுதிப் பார்த்தேன்.

நாள் 4

ஓய்வு. தம்பிக்குக் காதில் லேசான வலி. சந்தைக்குப் போய், புளிச்சகீரை இனத்துப் பூவில் செய்கிற ஹமைக்கா பானத்தைக் குடித்தோம். சிவப்பாக, புளிப்பாக, நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகிற சுவை.

மாலையில் பயிற்சியாளர் சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தைக் காட்டினார். வேர் மாதிரிக் கோடுகள். சக் அக்துன் குகையும் தோஸ் ஓஹோஸ் குகையும் ஒன்றுதான் என்று 2018 ஜனவரியில் நிரூபித்தார்கள். இணைந்த நீளம் அப்போது 347 கிலோமீட்டர். அதில் ஒவ்வொரு மீட்டரும் யாரோ ஒருவர் கயிறு கட்டி, முடிச்சு எண்ணி, திசை பார்த்து, ஈரக் கையால் எழுதியது. செயற்கைக்கோள் பாறைக்குள் பார்க்காது. கின்டானா ரோ மாநிலத்தின் நீரடிக் குகை அளவுகளைச் சேர்த்து வைக்கவே 1990 முதல் ஓர் ஆய்வுக் குழு இருக்கிறது.

வரைபடத்தில் ஓயோ நெக்ரோ என்ற கறுப்புப் புள்ளி. 2007இல் மூன்று டைவர்கள் கயிறு இழுத்துக்கொண்டு போனபோது திடீரென்று தரை இல்லாமல் போனது. பெரிய குழி. அதன் அடியில் மிருகங்களின் எலும்புகளோடு ஒரு சிறுமியின் எலும்புக்கூடு. பன்னிரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. நையா என்று பெயர் வைத்தார்கள். பனியுகத்தில் கடல் மட்டம் மிகவும் தாழ்ந்திருந்தது, இந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன. இன்று நாங்கள் நீந்திப் பார்க்கும் சுண்ணாம்பு விழுதுகள் எல்லாம் அப்போது சொட்டுச் சொட்டாக வளர்ந்தவைதான். அவள் நடந்தே வந்திருக்கிறாள். பதினைந்து, பதினாறு வயதுப் பெண். இருட்டில் அந்தக் குழி அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் வெகுநேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே நிலத்துக்கு மேலேதான் மாயா ரயில் ஓடுகிறது. கான்கூனுக்கும் துலுமுக்கும் இடையே ரயில் பாலத்துக்காக இறக்கிய தூண்கள் குகைகளைத் துளைத்து நிற்பதை இங்குள்ள குகை ஆய்வாளர்கள் படம் பிடித்து வெளியிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்தேன். வெள்ளை விழுதுகளுக்கு நடுவே துருப்பிடித்த இரும்புக் குழாய். எனக்கு வயிறு எரிந்தது.

நாள் 5

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

காட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய செனோத்தே. வழிகாட்டுவது நான், அடுத்து தம்பி, கடைசியில் பயிற்சியாளர். உள்ளே 13 மீட்டரில் ஹேலோக்லைன் வந்தது. மேலே நல்ல தண்ணீர், கீழே கடல் தண்ணீர், இரண்டும் உரசுகிற இடம். எண்ணெய் ஊற்றின கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல எல்லாம் நெளிந்தது. என் மணிக்கட்டுக் கம்பஸைக்கூடப் படிக்க முடியவில்லை. ஓர் அடி மேலே ஏறியதும் தெளிந்தது. 18ஆவது நிமிடத்தில் எழுதினேன்: உடைந்த தூண், 11 மீட்டர், திசை 240. அதற்குப் பிறகு அழகு ஆரம்பித்துவிட்டது. கூரை முழுக்க வைக்கோல் கனத்தில் வெள்ளை ஊசிகள். விளக்கை அவற்றின் மேல் ஓட்டிக்கொண்டே போனேன். 29ஆவது நிமிடத்தில் தம்பிக்கு 140 பார். கட்டைவிரல். திரும்பினோம்.

திரும்பி ஏழு நிமிடம் வந்ததும் கயிறு இரண்டாகப் பிரிந்து என் முன்னால் நின்றது.

போகும்போது அங்கே ஒரு சந்தியும் இல்லை. அதாவது, நான் பார்க்கவில்லை. ஒரு கிளைக்கயிறு பின்னாலிருந்து சாய்வாக வந்து, வேறொரு தூண் மறைவில் எங்கள் கயிற்றோடு சேர்ந்திருக்கிறது. உள்ளே போகிறவன் கண்ணுக்கு அது நேர்வழி. வெளியே வருகிறவனுக்குக் கவட்டை. இரண்டு கிளையிலும் அம்பு இருந்தது. இரண்டும் எங்களை வெளியே போகத்தான் சொல்லின. ஒன்று நாங்கள் நுழைந்த செனோத்தேக்கு, இன்னொன்று வேறெங்கோ. அந்த வேறெங்கோ எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் குக்கீ அங்கே இல்லை, நாங்கள் வைக்கவே இல்லையே.

பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு மிதந்தார். அவர் போகும்போதே பார்த்திருக்கிறார் என்று அந்த நொடியே புரிந்தது.

மூச்சுச் சத்தம் காதில் பெரிதாகக் கேட்டது. வலது கிளை தெரிந்த வழி மாதிரி இருந்தது. மனசு 'இதுதான், இதுதான்' என்று தள்ளியது. தம்பி என் தோளைப் பிடித்து நிறுத்தி, தன் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். நானும் எடுத்தேன். என் கடைசிக் குறிப்பு 18ஆவது நிமிடம், 240. திரும்ப வேண்டிய திசை அதற்கு நேர் எதிர், 60. வலது கிளையின் மேல் கம்பஸை வைத்தேன்: 110. இடது கிளை: 65. என் மனசு தள்ளிய வழி தப்பு.

ஆனாலும் ஒரு திசையை மட்டும் நம்பிப் போக முடியாது, குகை வளையும். சந்தியை எப்போது தாண்டியிருப்போம்? திரும்பியது 29இல், சந்திக்கு வந்தது 36இல். ஏழு நிமிடம் கழித்தால் போகும்போது சுமார் 22இல் தாண்டியிருக்கிறோம். உடைந்த தூண் 18இல். அப்படியானால் சரியான வழியில் போனால் நாலு நிமிடத்துக்குள் அந்தத் தூண் வர வேண்டும். வராவிட்டால் சந்திக்குத் திரும்பி வந்து மறு கிளை. இதை எழுதித் தம்பியிடம் காட்டினேன், தலையாட்டினார். இடது கிளையில் எங்கள் குக்கீயை மாட்டிவிட்டுக் கிளம்பினோம். காற்று 126இலிருந்து 116க்கு வந்திருந்தது. நாலு நிமிடம் அங்கேயே நின்றிருக்கிறோம்.

மூன்றரை நிமிடத்தில் தூண் வந்தது. உடைந்த முனை, பக்கத்தில் விழுந்து கிடக்கிற துண்டு, நான் எழுதின மாதிரியே. அந்தத் தூணைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. தொடக் கூடாது என்பதால் விளக்கால் ஒரு வட்டம் போட்டேன். தம்பியும் திருப்பி வட்டம் போட்டார். பிறகு குக்கீயை எடுத்துவர மூன்று பேருமே சந்திக்குப் போய் வந்தோம். காற்றுக் கணக்கில் அதற்கு இடம் இருந்தது.

மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் தம்பி சொன்னார்: "அண்ணை, போகேக்க நானும் வடிவாப் பாக்கேல்ல. மேலதான் பாத்துக்கொண்டு வந்தனான்." பயிற்சியாளர் திட்டவில்லை. பத்து மீட்டருக்கு ஒரு தடவை திரும்பி, போகிற வழியைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார். நாளை முதல் அதுதான் என் மூச்சு. சந்தியை நான் ஏன் எழுதவில்லை என்பதைவிட, 18ஆவது நிமிடத்தில் அந்த ஒரு வரியை ஏன் எழுதினேன் என்றுதான் ராத்திரி முழுக்க யோசித்தேன். தூண் உடைந்திருந்தது பிடித்திருந்தது, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

நாள் 6

அளவெடுப்பு. இதற்காகத்தான் நான் வந்தேன்.

வாயிலுக்கு அருகில் பயிற்சிக்கென்று ஒரு சுற்றுக் கயிறு இருக்கிறது. தொடங்கின இடத்திலேயே வந்து முடியும். மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு. கயிறு பாறையில் கட்டியிருக்கிற ஒவ்வோர் இடமும் ஒரு நிலையம். ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு முடிச்சை எண்ணித் தூரம், கயிற்றின் மேல் கம்பஸை நீட்டித் திசை, டைவ் கம்ப்யூட்டரில் ஆழம். மூன்று எண்கள், அடுத்த வரி, அடுத்த மூன்று எண்கள். முதல் பாதி நான், மறு பாதி தம்பி. 24 நிலையம், 152 மீட்டர். மேலே நடந்தால் இரண்டு நிமிடம். எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அப்பாவின் செயின்மேன்கள் இரண்டு பேர் ஒரு நாளில் எத்தனை வயல் அளந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி கிராஃப் தாளில் வரைந்தோம். தொடங்கின புள்ளியும் முடிந்த புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். ஒன்பது மீட்டர் தள்ளி விழுந்தது. இந்த விலகலுக்கு க்ளோசிங் எரர் என்று பெயர். ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். தம்பி அளந்த பாதி சுவர் வரைபடத்தோடு ஒத்துப்போனது. என் பாதி முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. முடிச்சு எண்ணியதில் தப்பில்லை.

பயிற்சியாளர் என் விளக்கை எடுத்து மேசையில் கம்பஸுக்குப் பக்கத்தில் வைத்தார். முள் பன்னிரண்டு டிகிரி நகர்ந்தது. விளக்கின் ஸ்விட்ச் காந்தத்தால் வேலை செய்வது. இடது கையில் கம்பஸ், அதே கையின் மேல் விளக்கு. நான் பார்த்த ஒவ்வொரு திசையையும் என் விளக்கே வளைத்திருக்கிறது. நேற்று சந்தியில் கம்பஸை வைத்தபோது? விளக்கை வலது கையால் நீட்டிப் பிடித்திருந்தேன் என்று தம்பி நினைவாகச் சொன்னார். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

நாள் 7

காலையில் விளக்கை மறு கையில் தள்ளிப் பிடித்து என் பாதியைத் திரும்ப அளந்தேன். ஒவ்வொரு திசையையும் இரு பக்கத்து நிலையத்திலிருந்தும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே 180 டிகிரி வராவிட்டால் மறுபடி. மதியம் வரைந்ததில் வித்தியாசம் 1.8 மீட்டருக்கு வந்துவிட்டது. மெல்லிய பென்சிலால் சுவர்களை வரைந்து, விழுதுகள் இருக்கிற இடத்தில் புள்ளி வைத்து, வடக்கைக் குறித்து, தாளைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

இங்கே இரவு எட்டு மணி, அங்கே காலை ஆறரை. உடனே அழைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

"பதினோராவது கல்லுல ஏம்ப்பா இப்படித் திரும்புது?"

"அங்க பெரிய தூண் இருக்குப்பா. கயிறு அதைச் சுத்திப் போகுது."

"அப்ப தூணையும் போடு. க்ளோசிங் எரர் எவ்வளவு?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தண்ணிக்குள்ள, இருட்டுல, நூத்தம்பது மீட்டருக்கு இது மோசமில்ல" என்றார். அப்புறம், "ஊருக்கு எப்ப கிளம்புற?" என்று கேட்டார்.

விமானம் நாளை மறுநாள் மாலை. பறப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும், ஆனால் நாளைக் காலை முழுக்கு மிச்சம் இருக்கிறது என்றேன்.

"அப்ப பதினோராவதை மட்டும் இன்னொரு தடவ பாத்துட்டு வந்துரு."

தம்பியிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே புதுப் பக்கம் திருப்பி, கீழ்வரியில் 11 என்று எழுதி வைத்திருந்தார். ஆறு மணிக்கு வண்டி வருகிறது.